லீவுக்கு ஊருக்குப் போகாம ஹாஸ்டல்லயே இருக்கறவங்களுக்கு ‘தி ஹோல்டோவர்ஸ்’ படம் போடுறது எப்படி

கிறிஸ்துமஸ் லீவு விட்டாச்சுன்னா கடலூர், பாண்டி பக்கம் இருக்கற காலேஜ் ஹாஸ்டல் எல்லாம் மளமளன்னு காலியாயிடும், பஸ் ஸ்டாண்டுல பை வைக்கக்கூட இடம் இருக்காது. ஆனா ஒவ்வொரு ஹாஸ்டல்லயும் போகாம சில பேரு தங்கிடுவாங்க. அந்தமான்ல இருந்து படிக்க வந்த பொண்ணு இருப்பா, சென்னையில கப்பல் ஏறினா போர்ட் பிளேர் போய்ச் சேரவே ரெண்டரை மூணு நாள் ஆகும், போய் இறங்கினதும் திரும்பக் கிளம்பணும், பிளைட் டிக்கெட் விலை டிசம்பர்ல கிட்ட நெருங்க முடியாது. மாஹே பையன், ஏனாம் பையன் இருப்பாங்க, பேருக்கு ரெண்டு பேரும் புதுச்சேரிக்காரங்கதான், ஒருத்தன் வீடு கேரளாவுக்குள்ள, இன்னொருத்தன் வீடு ஆந்திராவுக்குள்ள. அப்புறம் அரியர் வச்சிருக்கறவங்க, வருஷக் கடைசி டூரிஸ்ட் கூட்டத்துக்கு ஹோட்டல்ல கேட்டரிங் வேலை பார்த்து செமஸ்டர் ஃபீஸ் சேர்க்கறவங்க, அப்பா அம்மா பிரிஞ்சு போய் எந்த வீட்டுக்குப் போறதுன்னே புரியாதவங்க. கடைசியா சொன்னவங்க யாருகிட்டயும் காரணம் சொல்ல மாட்டாங்க, ‘படிக்கணும் சார்’னு மட்டும் சொல்வாங்க.

இவங்களுக்கு ஒரு ராத்திரி நல்லபடியா ஒரு படம் போட்டுக் காட்டணும்னு நினைக்கற வார்டன், மெஸ் கமிட்டி பசங்க, சீனியர் அக்கா அண்ணன்மாருக்குத்தான் இதை எழுதறேன். படம் 2023-ல வந்த ‘தி ஹோல்டோவர்ஸ்’, அலெக்ஸாண்டர் பெய்ன் டைரக்ட் பண்ணது, டேவிட் ஹெமிங்சன் எழுதினது, 133 நிமிஷம் ஓடும். வேற எத்தனையோ நல்ல படம் இருக்கு, ஆனா லீவுல ஹாஸ்டல்ல மாட்டிக்கிட்டவங்களைப் பத்தியே, அவங்களைப் பார்த்துப் பரிதாபப்படாம, இவ்வளவு கனிவா சொன்ன படம் எனக்குத் தெரிஞ்சு ரொம்ப கம்மி.

கதை சுருக்கமா இதுதான், முடிவை நான் சொல்லப் போறதில்ல. 1970 டிசம்பர், அமெரிக்காவுல நியூ இங்கிலாந்து பக்கம் பார்ட்டன் அகாடமின்னு பணக்காரப் பசங்க படிக்கற ஒரு போர்டிங் ஸ்கூல் (கற்பனை ஸ்கூல்தான்). கிறிஸ்துமஸ் லீவுக்கு வீட்டுக்குப் போக முடியாத பசங்களைப் பார்த்துக்க ஒரு வாத்தியார் அங்கேயே தங்கணும். அந்த வேலை பால் ஹனம்ங்கற பண்டைய வரலாறு வாத்தியார் தலையில விழுது, ஒரு செனட்டர் பையனை ஃபெயில் போட்டதுக்கு அது ஹெட்மாஸ்டர் குடுத்த தண்டனை மாதிரி. பால் ஜியாமட்டி நடிச்சிருக்கார். அங்கஸ்னு ஒரு பையன், அவன் அம்மா புதுப் புருஷனோட தேனிலவு போறதால கடைசி நேரத்துல வீட்டுக்கு வராதன்னு சொல்லிடறாங்க. மூணாவது ஆள் மேரி, ஸ்கூல் சமையல்கூடத்தைப் பார்த்துக்கறவங்க, ஒரே மகன் கர்ட்டிஸை வியட்நாம் போர்ல பறிகொடுத்திருக்காங்க, அவன் போனப்புறம் வர்ற முதல் கிறிஸ்துமஸ் இது. மேரியா நடிச்ச டேவைன் ஜாய் ரேண்டால்ஃபுக்கு 2024 மார்ச்ல சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைச்சுது. அங்கஸா நடிச்ச டொமினிக் செஸ்ஸாவுக்கு இதான் முதல் படம், ஷூட்டிங் நடந்த ஸ்கூல்கள்ல ஒன்னான டியர்ஃபீல்ட் அகாடமியில படிச்சிட்டு ஸ்கூல் நாடகத்துல நடிச்சிட்டிருந்த பையன்.

முதல்ல பார்க்க வேண்டியது இந்தப் படம் உங்க ஹாஸ்டலுக்கு ஏத்ததாங்கறது. அமெரிக்காவுல இதுக்கு ஆர் ரேட்டிங், அதாவது 17 வயசுக்குக் கீழ இருந்தா பெரியவங்க கூட வந்தாத்தான் தியேட்டருக்குள்ள விடுவாங்க. கெட்ட வார்த்தை நிறைய, குடி, சிகரெட், கஞ்சா, கொஞ்சம் அந்த மாதிரி பேச்சும் படமும் வருது. அதனால காலேஜ் ஹாஸ்டலுக்கு மட்டும்தான், ஸ்கூல் விடுதிப் பிள்ளைங்களுக்குப் போடாதீங்க. பாண்டிக்காரங்களுக்கு இன்னொரு விஷயம், பெய்னுக்கு இந்தக் கதைக்கான பொறி ஒரு பழைய பிரெஞ்சுப் படத்துல இருந்து வந்துச்சு, மார்செல் பாஞோல் 1935-ல எடுத்த ‘மெர்லூஸ்’. அதுலயும் கிறிஸ்துமஸுக்கு விடுதியில விட்டுட்டுப் போன பசங்கதான், எல்லாரும் பயப்படற ஒரு வாத்தியார்தான். கருப்பு வெள்ளைப் படம், ஒன்றரை மணி நேரம்கூட கிடையாது. பிரெஞ்சு டிபார்ட்மென்ட் இருக்கற காலேஜா இருந்தா அந்தப் பசங்களை விட்டு அதைத் தேடச் சொல்லி அடுத்த நாள் ராத்திரிக்கு வச்சுக்கலாம், நம்ம ஊர்ல பிரெஞ்சு தெரிஞ்சவங்க பக்கத்துல உக்காந்து சொல்றதுக்கு ஆளுக்குப் பஞ்சம் இல்ல.

நாள் குறிக்கறதுல கவனமா இருங்க. 24 ராத்திரி வேண்டாம், கிறிஸ்தவப் பசங்க பாதிராத்திரி பூசைக்குப் போவாங்க, பாண்டியில சம்பா கோவிலுக்கோ ரயில்வே ஸ்டேஷன்கிட்ட இருக்கற இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கோ கிறிஸ்தவங்க இல்லாத பசங்களும் கூடவே கிளம்பிப் போறது உண்டு, அதுவும் அவங்களுக்கு நல்ல ராத்திரிதான், கெடுக்க வேண்டாம். 31 வேண்டவே வேண்டாம், கேட்டரிங் வேலைக்குப் போற பசங்களுக்கு வருஷத்துலயே நல்ல சம்பளம் கிடைக்கற நாள் அது. 26-ம் தேதி, குறிப்பா கடலூர்ல, கண்டிப்பா வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போயிட்டாங்க. இப்பவும் வருஷா வருஷம் அன்னைக்கு தேவனாம்பட்டினம் கடற்கரையில பாலும் பூவும் கடல்ல விட்டு அழுவாங்க. உங்க மெஸ்ல வேலை பார்க்கற அக்கா எந்த ஊரு, அவங்க வீட்ல யாரை இழந்திருக்காங்கன்னு தெரியாம, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு சமையல்காரம்மா கதையை அந்த நாள்ல போடக்கூடாது. 27, 28, 29 இந்த மூணு நாள்ல ஏதாவது ஒன்னு வச்சுக்கங்க. கிறிஸ்துமஸ் பரபரப்பு முடிஞ்சு நியூ இயர் இன்னும் வராம நாள் நகரவே நகராத நேரம், தங்கினவங்களுக்கு ரொம்ப கனமா இருக்கறதும் இந்த நாட்கள்தான்.

இனி நான் முக்கியமா நினைக்கறதுக்கு வரேன். இந்தப் படம் போடற ராத்திரியில மெஸ் அக்கா சமையல்கட்டுல பாத்திரம் தேய்ச்சிட்டு இருக்கக்கூடாது, பசங்களோட உக்காந்து முழுப் படமும் பார்க்கணும். இதை மட்டும் செய்ய முடியாதுன்னா படத்தை வேற நாளைக்குத் தள்ளி வைங்க. ஏன்னா இந்தப் படத்தோட உயிரே மேரிதான். அவங்க அந்த ஸ்கூல்ல வேலைக்குச் சேர்ந்ததே மகனும் அங்க படிக்கலாங்கறதுக்காக. கூடப் படிச்ச பணக்காரப் பசங்க எல்லாம் காலேஜ்ல சேர்ந்து, படிக்கறோம்னு காட்டி பட்டாளத்துக்குப் போறதைத் தள்ளிப் போட்டுக்கறாங்க, இவனுக்கு மட்டும் காலேஜ் ஃபீஸ் கட்ட வழியில்ல, போர்ல போய் முடியுது. நம்ம மெஸ்ல இருக்கற அக்காங்கள்ல பாதிப் பேரு பிள்ளை படிப்புக்காகத்தான் விடியகாலை நாலு மணிக்கு அடுப்புப் பத்த வைக்கறாங்க, அவங்க பார்க்க வேண்டிய கதையை அவங்களையே பின்னாடி நிக்க வச்சு நாம பார்க்கறது நியாயமே இல்ல.

இதுக்கு என்ன செய்யணும்னா, அன்னைக்கு ராத்திரி சமையலை சாயங்காலமே முடிக்கற மாதிரி எளிசா வைங்க. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், ஒரு முட்டை, அது போதும். வெங்காயம் உரிக்கறது, உருளை சீவறது எல்லாம் பசங்க, வார்டனும் கூட உக்காரணும். சாப்பிட்டதும் பாத்திரம் பசங்களே கழுவி கவுத்துடணும், அக்காவைத் தொட விடாதீங்க, எவ்வளவு சொன்னாலும் எந்திரிச்சு வருவாங்க, கையைப் பிடிச்சு உக்கார வைங்க. அவங்க வீட்டுக்குப் போக ராத்திரி பஸ் கிடைக்காதுன்னா ஆட்டோவுக்கு காசு முன்னாடியே எடுத்து வைங்க, இல்ல வண்டி இருக்கற சீனியர் பொண்ணு கொண்டு போய் விடட்டும். வாட்ச்மேன் அண்ணனும் அப்படித்தான், கேட்டைப் பூட்டிட்டு கேட் தெரியற மாதிரி ஜன்னலோரமா அவருக்கு ஒரு நாற்காலி போடுங்க.

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாதேன்னு விட்டுடாதீங்க. இதுக்குன்னு ஒரு ஆளைத் தயார் பண்ணணும். படத்தை ஏற்கனவே பார்த்த, நிதானமா பேசற ஒரு பொண்ணோ பையனோ அக்கா பக்கத்துல உக்காந்து காதுல மெதுவா தமிழ்ல சொல்லிட்டே வரட்டும், தமிழ் தெரிஞ்சு இங்கிலீஷ் வேகமா படிக்க வராத பசங்களும் அந்தப் பக்கமாவே உக்காந்துக்கலாம். கீழ ஓடற இங்கிலீஷ் சப்டைட்டிலை வரிக்கு வரி தமிழாக்க ஆரம்பிச்சா ரெண்டு பேருக்குமே படம் போயிடும். யாரு என்ன ஆனாங்கங்கறதை மட்டும் சொன்னா போதும். இப்படி: ‘பணக்காரப் பையனோட அப்பா ஹெலிகாப்டர்ல வந்து எல்லாப் பசங்களையும் பனிச்சறுக்கு விளையாட கூட்டிட்டுப் போறாருக்கா, இவன் அம்மாவை மட்டும் போன்ல பிடிக்க முடியல, அனுப்பலாமான்னு கேக்க ஆள் இல்ல, அதான் இவன் மட்டும் தனியா நிக்கறான்.’ இவ்வளவுதான். வாத்தியார் லத்தீன் எல்லாம் இழுத்து பசங்களைத் திட்டுற இடத்துல ‘வாத்தியார் திட்டறாரு’ போதும், என்ன திட்டறாருன்னு அவர் மூஞ்சியே சொல்லும். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி ஒரு வீட்ல பார்ட்டி வரும், அங்க சமையலறையில மேரி உடைஞ்சு போற காட்சி ஒன்னு இருக்கு, அங்க ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. பக்கத்துல இருக்கறவங்க அக்காவைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது.

படம் போடறதுக்கு முந்தின நாளே அக்காகிட்ட கதையைச் சொல்லிடுங்க, ‘மகனை போர்ல இழந்த ஒரு அம்மா இதுல வராங்கக்கா, பார்க்கறீங்களா, கஷ்டமா இருக்கும்னா வேற படம் போட்டுக்கலாம்’னு நேராவே கேளுங்க. அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான், ஏன்னு கேக்காதீங்க. இதே மாதிரி பசங்களுக்கும் பொதுவா ஒரு வார்த்தை சொல்லணும், படத்துல மனநல ஆஸ்பத்திரியில இருக்கற ஒருத்தர் வராரு, மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடறவங்க வராங்க. இதை முன்னாடியே தெரிஞ்சிட்டு வந்து உக்கார்றது வேற, எதிர்பாராம முகத்துல வந்து விழறது வேற.

பசங்களைக் கூப்பிடற விதமும் முக்கியம். நோட்டீஸ் போர்டுல ‘வீட்டுக்குச் செல்லாத மாணவர்களுக்கான திரையிடல்’னு எழுதி ஒட்டாதீங்க, அப்படி எழுதினா வர வேண்டிய ஆளே வர மாட்டான். ‘ராத்திரி ஏழு மணிக்கு சாப்பாடு, ஏழே முக்காலுக்குப் படம், மெஸ் ஹால்’, இது போதும். பேர் லிஸ்ட் எடுக்காதீங்க, காசு வசூல் பண்ணாதீங்க. ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கறவன் எவன்னு எல்லாருக்கும் தெரியும், அவன் ரூம் கதவைத் தட்டி ‘உருளைக்கிழங்கு சீவ ஆள் பத்தல, வா தம்பி’ன்னு வேலைக்குக் கூப்பிடுங்க. படம் பார்க்க வான்னா வர மாட்டான், வேலை இருக்குன்னா வந்துடுவான், வந்தவன் அப்படியே உக்காந்துடுவான்.

காப்பி விஷயம். டவுன்லோடு பண்ண திருட்டுக் காப்பி வேண்டாம், அதுல சப்டைட்டிலும் தப்பு தப்பா ஓடும். டிஸ்க்கோ, காசு குடுத்து வாங்கின டிஜிட்டல் காப்பியோ வச்சுக்கங்க. கல்வி நிறுவனத்துக்குள்ள மாணவர்கள், ஆசிரியர்கள், அங்க சம்பந்தப்பட்டவங்க மட்டும் பார்க்கற மாதிரி படம் போடறதுக்கு இந்தியக் காப்புரிமைச் சட்டம் 52-ம் பிரிவுல இடம் இருக்கு, அதனால வெளி ஆளைக் கூப்பிட்டு டிக்கெட் போட்டு ஓட்டாதீங்க. ஓடிடி கணக்குல சொந்த உபயோகத்துக்கு மட்டும்னு விதி போட்டிருக்கலாம், அதை ஒருமுறை படிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. வார்டன்கிட்ட ஒரு லெட்டர் எழுதி கையெழுத்து வாங்கி வச்சுக்கறது எல்லாருக்கும் நல்லது.

படம் ஆரம்பிச்சதும் ஒன்னு நடக்கும், எல்லாரும் காப்பி கெட்டுப் போச்சுன்னு நினைப்பாங்க. பழைய காலத்து கம்பெனி லோகோ வரும், கோடு கோடா கீறல் தெரியும், கரகரன்னு சத்தம் கேக்கும். அது வேணும்னே பண்ணது. டிஜிட்டல் கேமராவுல எடுத்துட்டு, 1970-ல வந்த படம் மாதிரியே இருக்கணும்னு கலர்லயும் சத்தத்துலயும் அப்படி வேலை பார்த்திருக்காங்க, அதனால புரொஜெக்டர்ல கலரைத் தூக்கறேன், ஷார்ப்பாக்கறேன்னு எதையும் திருகாதீங்க. படத்தோட அகலம் உயரத்தைப் போல 1.66 மடங்கு, இப்ப இருக்கற டிவி, புரொஜெக்டர் அளவைவிடக் கொஞ்சம் அகலம் கம்மி, ரெண்டு பக்கமும் மெல்லிசா கருப்புப் பட்டை தெரியும், இழுத்து ஃபுல் ஸ்க்ரீன் ஆக்கிட்டா மூஞ்சி எல்லாம் சப்பையாயிடும். ஸ்பீக்கர் ரெண்டு பக்கம் வைக்கணும்னு அவசியமே இல்ல, திரைக்குக் கீழ நடுவுல ஒன்னு வச்சா பேச்சு தெளிவா வரும், இது முழுக்க பேச்சுல நகர்ற படம். திரை இல்லைன்னா நல்ல வெள்ளை வேட்டியை ரெட்டையா மடிச்சு சுருக்கம் இல்லாம கட்டினா போதும்.

டிசம்பர்ங்கறதால கரண்ட்டை நம்பாதீங்க. நம்ம பக்கம் இந்த மாசம் எப்படின்னு எல்லாருக்கும் தெரியும், 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரை ஏறினப்ப எத்தனை ஊர்ல நாள் கணக்குல இருட்டு. சாதாரண மழைக்கே ஒரு மணி நேரம் போயிடும். ஹாஸ்டல் இன்வெர்ட்டர்ல 150 ஏஎச் பேட்டரி நல்ல நிலைமையில இருந்தா, 300 வாட் புரொஜெக்டரும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் மூணு மணி நேரம் வரைக்கும் தாங்கும், படத்துக்கு அது போதும், ஆனா ஃபேன் லைட் எதுவும் அதுல ஓடக்கூடாது. லேப்டாப்பை முன்னாடியே ஃபுல்லா சார்ஜ் ஏத்தி வைங்க. தகரக் கூரை ஹாலா இருந்தா மழைச் சத்தத்துல ஒரு வார்த்தை கேக்காது, கான்கிரீட் கூரை இருக்கற ரூமா பாருங்க.

நாற்காலியை வரிசையா போடாதீங்க, ஜமக்காளம் விரிச்சு பாய் போட்டு தலகாணி எல்லாம் கொண்டு வரச் சொல்லுங்க. வரிசையில உக்காந்தா காலி நாற்காலிதான் கண்ணுக்குத் தெரியும், இருநூறு பேர் சாப்பிடற ஹால்ல பன்னெண்டு பேர் உக்காந்திருக்கோம்ங்கறது அப்படியே உறைக்கும். ஹாலோட ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கிட்டு மத்த லைட் எல்லாம் அணைச்சுடுங்க.

படத்துக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் ரெண்டு நிமிஷம் பேசலாம், அதுக்கு மேல வேண்டாம். மூணு விஷயம் சொன்னா போதும். ஒன்னு வியட்நாம் போர், அந்தக் காலத்துல அமெரிக்காவுல வயசுப் பசங்களைக் கட்டாயமா பட்டாளத்துக்கு எடுத்தாங்க, காலேஜ்ல படிக்கறவங்களுக்குத் தள்ளிப் போட சலுகை இருந்துச்சு, இது புரிஞ்சாத்தான் மேரி கோபம் புரியும். பாண்டியில பழைய குடும்பங்கள்ல வியட்நாம்ல இருக்கற சைகோன்னு சொன்னாலே தெரியும், பிரெஞ்சுக்காரங்க காலத்துல வேலைக்கும் பட்டாளத்துக்கும் அங்க போனவங்க குடும்பம் இன்னும் இருக்கு, உங்க கூட்டத்துலயே ஒரு கொள்ளுப்பேரன் இருக்கலாம். ரெண்டாவது, அங்க கிறிஸ்துமஸ்னா நமக்குப் பொங்கல் தீபாவளி மாதிரி, அன்னைக்கு வீட்ல இல்லாம இருக்கறது அவங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லிடுங்க.

மூணாவது, வாத்தியார் உடம்பு வாசனை. ஹனம் சாருக்கு ஒரு பிறவிக் கோளாறு, சாப்பாட்டுல இருந்து உண்டாகற டிரைமெத்தில் அமின்ங்கற பொருளை உடம்பு உடைக்காது, அது வேர்வையில வந்து மீன் நாத்தம் அடிக்கும், சாயங்காலம் ஆக ஆக கூடும். நிஜமாவே இருக்கற வியாதிதான் இது, அவர் தப்பு ஒன்னும் இல்ல. பசங்க எல்லாம் இதை வச்சு அவரைக் கேலி பண்ணுவாங்க. நம்ம கடலோரத்துல இது சாதாரணமா கடந்து போற விஷயம் கிடையாது. மீனவக் குப்பத்துல இருந்து படிக்க வர்ற பிள்ளைங்களை ‘கவுச்சி அடிக்குது’ன்னு கிளாஸ்ல தள்ளி உக்காரச் சொல்றது, பை கிட்ட மூக்கைப் பொத்தறது எல்லாம் இன்னைக்கும் நடக்குது. அந்தப் பிள்ளை அன்னைக்கு உங்க ஹால்ல உக்காந்திருக்கும். அதனால இது வியாதின்னு முன்னாடியே சொல்லிடுங்க, அந்த இடத்துல யாராவது சிரிச்சா உடனே அதட்டவும் வேண்டாம், படம் கொஞ்ச நேரத்துல அந்தச் சிரிப்பை அதுவாவே நிறுத்திடும்.

நம்ம ஆளுங்களுக்கு இடைவேளை இல்லாம இருக்க முடியாது, படத்துல இடைவேளை கிடையாது, அதனால நீங்களே ஒரு இடம் பார்த்து நிறுத்தணும். மூணு பேரும் பாஸ்டனுக்குக் கார்ல கிளம்பற இடம் சரியா இருக்கும், அதுவரைக்கும் ஸ்கூலுக்குள்ள அடைஞ்சு கிடந்த கதை அங்க வெளிய வருது. அதுக்கு அப்புறம் கடைசி வரைக்கும் நிறுத்தாதீங்க, நடுவுல கரண்ட் போனாலும் ஒரு நிமிஷம் பின்னாடி தள்ளிட்டு தொடருங்க. இடைவேளையில சுக்கு காபியும் சூடா மசால் வடையும் குடுங்க. கேக் வேணும்னா பாண்டியில கிறிஸ்துமஸுக்கு ரவையும் முந்திரி திராட்சையும் போட்டு செய்யற விவிக்கம் கேக் கிடைச்சா வாங்கி வைங்க, அதுல ரம் சேர்ப்பாங்க, வேண்டாங்கறவங்களுக்கு வேற ஏதாவது இனிப்பு இருக்கட்டும். படத்துல பாஸ்டன்ல ஒரு ஹோட்டல்ல செர்ரி ஜூபிலின்னு தீ மூட்டிக் குடுக்கற ஒரு இனிப்பை அங்கஸ் கேப்பான், அதுல மது இருக்கு, சின்னப் பையனுக்குத் தர மாட்டோம்னுடுவாங்க, அப்புறம் வெளிய கார் நிறுத்துற இடத்துல இவங்களே அதைப் பண்ணிப் பார்ப்பாங்க. அந்த இடம் முடிஞ்சு, படமும் முடிஞ்சதும், யாரும் எதிர்பார்க்காதப்ப ஆளுக்கு ஒரு கப் ஐஸ்கிரீம் எடுத்துக் குடுத்தீங்கன்னா அந்தச் சந்தோஷமே தனி, மழை பெய்ஞ்சாலும் எல்லாரும் சாப்பிடுவாங்க. தீ எல்லாம் வேண்டாம்.

படம் முடிஞ்ச உடனே லைட்டைப் போடாதீங்க, பேரு எல்லாம் ஓடி முடியட்டும். கலந்துரையாடல், கருத்துச் சொல்லுங்க, ஆளுக்கு ஒரு நிமிஷம், இதெல்லாம் இந்தப் படத்துக்குச் சுத்தமா ஆகாது. படத்துல அந்த மூணு பேரும் யாரு மனசையும் யாரும் நோண்டிக் கேக்க மாட்டாங்க. ஒன்னா சாப்பிடுவாங்க, மேரியும் வாத்தியாரும் ராத்திரி உக்காந்து டிவி பார்ப்பாங்க, அங்கஸும் வாத்தியாரும் ஒரே மாத்திரை சாப்பிடறாங்கன்னு தற்செயலா ரெண்டு பேருக்கும் தெரியவரும், பேச்சு அதுவா வரும். உங்க ஹால்லயும் அதுக்கு இடம் குடுங்க. ஒரு ஓரத்துல கேரம் போர்டு, சீட்டுக்கட்டு வைங்க, ஃபிளாஸ்க்ல டீ இருக்கட்டும், அன்னைக்கு மட்டும் மெஸ் ஹாலைப் பூட்டற நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்க வார்டன்கிட்ட கேட்டு வாங்கிடுங்க. பேசணும்னு இருக்கறவங்க கேரம் காயைத் தட்டிக்கிட்டே பேசுவாங்க. தூங்கப் போறவங்களைத் தடுக்காதீங்க.

ஒருத்தர் ரொம்ப உடைஞ்சு போயிட்டாங்கன்னா, அழறதை நிறுத்தச் சொல்லாம பக்கத்துல ஒரு ஆள் உக்காந்திருங்க, அன்னைக்கு ராத்திரி அவங்களைத் தனி ரூம்ல விடாதீங்க. உயிரை விட்டுடலாம்போல இருக்குங்கற மாதிரி ஏதாவது பேச்சு வந்தா அதை லேசா எடுத்துக்காம உடனே வார்டனுக்குச் சொல்லுங்க, 14416-க்கு போன் பண்ணுங்க, அது அரசாங்கத்தோட டெலி மானஸ் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் இருக்கும், தமிழ்ல பேசலாம். இந்த எண்ணை அன்னைக்கு மட்டும் இல்ல, லீவு முழுக்க மெஸ் ஹால் சுவத்துல ஒட்டியே வைங்க.

போட்டோ எடுத்து காலேஜ் குரூப்புல போடறது வேண்டாம். நீங்க நல்ல மனசோட போட்டாலும், லீவுக்கு ஊருக்குப் போகலன்னு ஊருக்கே தெரியறது சில பேருக்குப் பிடிக்காது, வீட்ல சொல்லாம தங்கினவங்ககூட இருப்பாங்க.

மறுநாள் காலை டிபனை ஒரு மணி நேரம் தள்ளி வைங்க, அக்கா லேட்டா வரட்டும், அன்னைக்குக் காலையில உப்புமா கிண்டறது பசங்க வேலைன்னு முந்தின நாளே பேசி வச்சுடுங்க. அக்கா வந்ததும் அவங்களுக்குத்தான் முதல் தட்டு. பொங்கல் லீவுக்கும் இதே பசங்கள்ல பாதிப் பேரு இங்கதான் இருப்பாங்க, அதனால டிபன் சாப்பிடறப்பவே ஜனவரிக்கு என்ன படம்னு கேட்டு வைங்க, அந்த முறை படத்தை அக்கா சொல்லட்டும்.